இயந்திரத்தின் சொல் எந்த அளவை?

விமானத்தில் உணவு பரிமாறும் வண்டி முழங்காலில் இடித்துக் காயம்பட்டதாக ஒரு பயணி ஏவியங்கா விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். காலங்கடந்த வழக்கு, தள்ளுபடி செய்ய வேண்டும் என்றது நிறுவனம். அதை மறுத்துப் பயணியின் வக்கீல்கள் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த எழுத்துமூல வாதத்தில் முன்தீர்ப்புகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஆறு, எந்த நீதிமன்றமும் எப்போதும் வழங்காதவை, சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். வக்கீலின் சோம்பேறித்தனத்துக்கு உதாரணமாகவே இந்த வழக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்த வக்கீல் சரிபார்க்காமல் விட்டவர் அல்லர். இந்தத் தீர்ப்பு நிஜமானதுதானா என்று கேட்டிருக்கிறார். நிஜம்தான், பெயர்பெற்ற சட்டத் தரவுத்தளங்களிலேயே பார்க்கலாம் என்று பதிலும் வந்திருக்கிறது. பதில் சொன்னதும் அதே சாட்ஜிபிடிதான். படித்த, முப்பது ஆண்டு தொழில் செய்த ஒருவர் இப்படிச் சறுக்கியதைச் சோம்பல் என்ற ஒரு சொல்லில் அடக்க முடியாது. தன் முன்னால் இருப்பது எவ்வகைப் பேச்சு என்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகும் நிலைமை தேறவில்லை. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விக்டோரியா ஷார்ப் தலைமையிலான அமர்வு விசாரித்த இரண்டு விவகாரங்களில் ஒன்றில், மேற்கோள் காட்டப்பட்ட 45 தீர்ப்புகளில் 18 இல்லாதவை. இதில் விசித்திரம், அந்த ஆராய்ச்சியைச் செய்தவர் கட்சிக்காரர். வக்கீல் அதை நம்பித் தாக்கல் செய்துவிட்டார். நோய் வக்கீல்களோடு நிற்கவும் இல்லை. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அமர்வு ஒன்று 2024 டிசம்பரில் வழங்கிய உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதாக ஒரு தீர்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி, மிசிசிப்பி மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு ஃபெடரல் நீதிபதிகள் 2025-இல் பிழை மலிந்த தங்கள் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார்கள். அலுவலகத்தில் இருந்தவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதைப் பின்னர் செனட் உறுப்பினர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் ஒப்புக்கொண்டார்கள். நீதித்துறையினரிடையே யுனெஸ்கோ நடத்திய கணக்கெடுப்பில் 44 சதவீதம் பேர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். தங்கள் நிறுவனம் வழிகாட்டுதலோ பயிற்சியோ தந்தது என்றவர்கள் 9 சதவீதம் மட்டுமே.

ஆகவே பயிற்சி வேண்டும் என்பதில் இப்போது எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எதைப் பயிற்றுவிப்பது என்று கேட்டால்தான் பதில்கள் மெலிந்துபோகின்றன. கருவியிடம் எப்படிக் கேள்வி கேட்பது, கட்சிக்காரரின் ரகசியத்தை அதில் ஏற்றாமல் இருப்பது, வந்த பதிலைச் சரிபார்ப்பது என்று அரை நாள் வகுப்பில் முடித்துவிடக்கூடிய பட்டியல் ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. பட்டியலில் தப்பில்லை. ஆனால் நியூயார்க் வக்கீலிடம் 'சரிபாருங்கள்' என்று முன்பே சொல்லியிருந்தாலும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார். அவருக்குத் தேவைப்பட்டது கருவியைப் பற்றிய பாடம் அன்று, அறிவைப் பற்றிய பாடம். ஒன்றை அறிந்தேன் என்று சொல்ல எது தகுதி தருகிறது என்ற கேள்வியை நம் மரபு மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. நீதிபதிக்கும் வக்கீலுக்கும் தரவேண்டிய பயிற்சியின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

சைவ சித்தாந்தத்தின் பெருநூலான சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் அளவையைப் பற்றி, அதாவது அறிவதற்கான வழியைப் பற்றிப் பேசுகிறது. பிறர் பத்து வரை அடுக்கும் அளவைகளை அருணந்தி சிவாசாரியார் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது, தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது. நீதிமன்றத்தில் நடப்பதும் இந்த மூன்றும்தான். நீதிபதி சம்பவத்தைக் கண்ணால் கண்டவர் அல்லர். சாட்சியின் உரையையும், ஆவணத்திலிருந்து எழும் கருதலையும், மேல் நீதிமன்றத்தின் சொல்லையும் வைத்தே முடிவுக்கு வருகிறார். இதில் உரை அளவை மிக ஆபத்தானது, மிக அவசியமானதும்கூட. யாருடைய சொல் அளவையாகும் என்ற கேள்விக்கு நியாய தரிசனம் தரும் விடை கறாரானது: ஆப்தனுடைய சொல். ஆப்தன் யார்? பொருளை நேரே அறிந்தவன். அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். நியாய சூத்திரத்துக்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்கிறார். பிறப்போ பட்டமோ அங்கே கணக்கில்லை. அறிவும், உண்மையாகச் சொல்லும் எண்ணமும் இருந்தால் போதும்.

அப்படியானால் இயந்திரம் மட்டும் ஏன் விலக்கு என்று கேட்கலாம். விலக்குவது நாம் அல்ல, இலக்கணம். பெருமொழி மாதிரி என்று சொல்லப்படும் இந்தக் கருவி, கோடிக்கணக்கான பக்கங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதைப் பயின்று, அடுத்த சொல்லைத் தேர்ந்து தேர்ந்து வாக்கியமாக்குகிறது. தீர்ப்பு என்பது எப்படி ஒலிக்கும் என்பது அதற்குள் படிந்திருக்கிறது; இந்த வழக்கில் இந்த நீதிபதி இப்படிச் சொன்னார் என்ற செய்தியை அது யாரிடமும் கேட்டு அறிந்ததில்லை, நேரில் கண்டதில்லை. சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் அதற்கு இல்லை, மறைக்கும் எண்ணமும் இல்லை. பொய்யன் ஒருவன் உண்மையை அறிந்திருந்துதான் மறைக்கிறான். குறுக்கு விசாரணையில் அவனைப் பிடிப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. இங்கே மறைந்திருக்கும் உண்மை என்று ஒன்றும் இல்லை. சரியாகச் சொன்னபோதும் தவறாகச் சொன்னபோதும் உள்ளே நடந்தது ஒன்றேதான். ஆகவே அதன் சொல் உரை அளவையில் சேராது. சரியான பதில் வந்தாலும் சேராது.

கருதல் அளவையில் சேர்க்கலாமே என்று ஒரு தர்க்கக்காரர் மடக்கக்கூடும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல, இந்தக் கருவி பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது, ஆகவே இதுவும் சரியாக இருக்கும் என்று கருதலாம் என்பார். புகைக்கும் நெருப்புக்கும் விலகாத தொடர்பு இருப்பதால்தான் அந்தக் கருதல் நிற்கிறது. இங்கே அத்தொடர்பு எவ்வளவு? சட்ட ஆராய்ச்சிக்கென்றே பெரிய நிறுவனங்கள் விற்கும் கருவிகளை ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2024-இல் சோதித்தபோது, கேட்ட கேள்விகளில் 17 முதல் 33 சதவீதம் வரை, கருவிக்குக் கருவி வேறுபட்டு, தவறான பதில்கள் வந்தன. ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பொய்க்கும் புகையை வைத்து யாரும் நெருப்பென்று சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனாலும் இந்த ஆட்சேபத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அளவை ஆகாத ஒன்று தடயம் ஆகலாம். இந்திய உச்ச நீதிமன்றம் மோப்ப நாய் விஷயத்தில் இதைத்தான் சொன்னது. 1969-இல் அப்துல் ரசாக் முர்தசா தஃபேதார் வழக்கில், நாயின் நடத்தையைச் சாட்சியமாக ஏற்பதற்கு எதிரான தடைகளை நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது: நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதைப் பிடித்து வந்தவர் சொல்வது செவிவழிச் சாட்சியம், ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் நாயின் ஊகத்தில் தொங்கவிடக் கூடாது. அந்தச் சாட்சியத்துக்குப் பெரிய எடை இல்லை என்று முடித்தது. நாய் காட்டிய வழியில் போலீஸ் போகலாம், தேடலாம், கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த பொருள்தான் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கு நீதிமன்றத்தில் தரவேண்டிய இடத்தை நம் சட்டம் ஏற்கெனவே நாய்க்குத் தந்து பழகியிருக்கிறது.

ஒரே வித்தியாசம், நாய் பேசாது. பேச்சுதான் இங்கே சிக்கல். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட கதையை அரசனின் அவசரத்துக்கு உதாரணமாகவே மேடைகளில் கேட்டுவருகிறோம். கொலைக்களக் காதையைச் சற்று நிதானமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று விசாரணையையே காவலர் கையில் விட்டுவிட்டான் பாண்டியன். அந்தக் காவலருக்கோ கோவலனைப் பார்த்ததும் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று படுகிறது. சரியான காட்சி அது. கோவலன் மேல் பழி சுமத்திய பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூலை விரிக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறான். அவன் சொன்னதில் ஒன்றுகூடக் கோவலனைப் பற்றிய சான்று இல்லை. எல்லாம் பொதுவான, சரளமான, துறை அறிந்தவன் பேச்சு. அந்தச் சரளத்தில் காவலரின் கண் கண்டது கரைந்துபோகிறது. கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒழுங்காக அமைந்த பேச்சு ஆராய்ச்சிக்குப் பதிலாக நின்றுவிடும் என்பதை இளங்கோவடிகள் காட்டிவிட்டார். இன்று நீதிபதியின் மேசையில் வந்து விழும் இயந்திரப் பக்கங்களுக்கும் இதே வசீகரம். தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்க எண், அளவான சட்ட நடை. தயங்குகிற இடம் ஒன்றுகூட அதில் இல்லை.

இந்த வசீகரத்தை எதிர்த்து நிற்பது எப்படி என்பதுதான் பயிற்சி. இதைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் தனிமனித சுதந்திரம் பற்றி 1976-இல் வந்த ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பை ஒரு வக்கீல் மனுவில் காட்டுகிறார் என்று கொள்வோம். வழக்கு உண்மை. இணையத்தில் தேடினால் கிடைக்கும். மேற்கோள் வாக்கியமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 'சரிபார்' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர் இத்தோடு பேனாவை மூடிவிடுவார். ஆனால் அந்த வாக்கியம் நீதிபதி எச்.ஆர். கன்னா தனித்து எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் உள்ளதா, மற்ற நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பில் உள்ளதா? முன்னதானால் அது அன்றைக்குச் சட்டம் அன்று. பின்னதானால், 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று சொல்லித் தள்ளிவிட்டது. இருக்கிறதா, எங்கே இருக்கிறது, யார் குரலில் இருக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா, கையிலுள்ள வழக்குக்குப் பொருந்துகிறதா என்று கேள்விகள் வளர்ந்துகொண்டே போகும். இட்டுக்கட்டிய தீர்ப்பு பிடிபடுவது எளிது. அது வெட்கக்கேடு, அவ்வளவுதான். நிஜத் தீர்ப்பை அதன் குரல் தெரியாமல் எடுத்துக் கொடுப்பதுதான் ஆளைக் கொல்லும் பிழை. அதைப் பிடிப்பதற்கு ஒரே வழி, தீர்ப்பைப் படிப்பது. வேறொரு கருவியை விட்டுப் படிக்கச் சொல்வது அன்று.

ஜூனியர் எடுத்துத் தரும் குறிப்பை சீனியர் நம்புவதில்லையா, தீர்ப்புத் தொகுப்பின் தலைக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு வாதாடுவது நேற்று இன்றைய வழக்கமா என்று பாரில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, நீதிமன்றங்களின் பழைய அலட்சியத்தையும் அது அம்பலப்படுத்துகிறது. கீழ் மன்றத்தின் உத்தரவை வெட்டி ஒட்டித் தீர்ப்பாக்கும் வழக்கத்தை 2021-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அப்போது சாட்ஜிபிடி வெளிவரவில்லை. இருந்தாலும் ஜூனியருக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் சிறியது அன்று. ஜூனியர் தீர்ப்பைப் படித்தாரா இல்லையா என்ற கேள்விக்கு ஒரு பதில் உண்டு. முகத்தைப் பார்த்தால் பாதி தெரியும். 'இது எனக்குச் சரியாகப் புரியவில்லை சார்' என்று அவர் சொல்வார். சொல்லாமல் மறைத்தால் பிறகு பழி ஏற்பார். அதாவது அவர் ஆப்தர் ஆகக்கூடியவர். தவறலாம், ஆனால் தகுதி உள்ளவர். தலைக்குறிப்பு எழுதியவரும் தீர்ப்பைப் படித்துத்தான் எழுதினார். இவர்களை நம்புவது உரை அளவையைக் கவனக்குறைவாகக் கையாள்வது. கருவியை நம்புவது உரை அளவையே இல்லாத இடத்தில் அது இருப்பதாக எண்ணுவது.

அப்படியானால் தடை செய்துவிட்டால் என்ன? கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வெளியிட்ட கொள்கை, முடிவுக்கு வரவோ உத்தரவு, தீர்ப்பு எழுதவோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்ட கோடு. கூடவே பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அந்தக் கொள்கை சொல்வதைக் கவனிக்க வேண்டும். தடை மட்டும் போதாது என்பது அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நியூ ஜெர்சி நீதிபதியின் அலுவலகத்தில் தடை இருந்தது. பயிற்சிக்கு வந்த சட்ட மாணவர் அதை மீறினார். சாதாரணத் தேடுபொறியே இன்று இயந்திரம் எழுதிய பத்தியைத்தான் முதலில் நீட்டுகிறது. எது கருவி, எது கருவி இல்லை என்ற எல்லையே அழிந்துவரும்போது, கருவியைத் தொடாதே என்பதைவிட எதை ஒப்புக்கொள்ளலாம் என்ற தெளிவுதான் காப்பாற்றும்.

கனமான ஆட்சேபம் ஏழைகளின் பக்கத்திலிருந்து வருகிறது. நாட்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. ஜாமீன் மனு விசாரணைக்கு வராமல் சிறையில் இருப்பவனுக்கு அளவை ஆராய்ச்சி எதற்கு, வேகம்தானே நீதி என்பது அது. இதற்கு இரண்டு பதில் உண்டு, இரண்டும் முழுப் பதில் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேக்கத்துக்குக் காலிப் பணியிடம், வாய்தா, சம்மன் சேராமை, அரசே வழக்காடியாக இருப்பது என்று பல காரணங்கள். தீர்ப்பை யோசிப்பதில் செலவாகும் நேரம் அவற்றில் கடைசியில் வரும். வாதங்களை எழுத்தாக்குவது, ஆவணங்களை வகைப்படுத்துவது, தீர்ப்பை மொழிபெயர்த்து மனிதரிடம் திருத்தக் கொடுப்பது ஆகியவற்றில் இயந்திரம் தாராளமாக உழைக்கட்டும். உச்ச நீதிமன்றம் 2019 முதல் சுவாஸ் என்ற மொழிபெயர்ப்புக் கருவியை வைத்திருக்கிறது. தமிழில் தீர்ப்பைப் படிக்கும் கட்சிக்காரருக்கு அது நிஜமான லாபம். இன்னொன்று, வேகமான அநீதி முதலில் விழுவது அதே ஏழையின் தலையில்தான். தவறான உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு போக வசதி உள்ளவன் தப்பிக்கொள்வான்.

சில ஆண்டுகளில் கருவி மனிதரைவிடக் குறைவாகத் தவறும், அப்போது இந்த வாதம் என்னாகும் என்பது கடைசி ஆட்சேபம். அப்போதும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். 2016-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் லூமிஸ் வழக்கு வந்தது. குற்றவாளி மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் காம்பஸ் என்ற மென்பொருளின் மதிப்பீடு தண்டனை விதிப்பில் பயன்பட்டது. அது எப்படிக் கணக்கிடுகிறது என்பது நிறுவனத்தின் வணிக ரகசியம். நீதிமன்றம் எச்சரிக்கைக் குறிப்புகளோடு அதை அனுமதித்தது. கணிப்பு சரியாகவே இருக்கட்டும். கூண்டில் நிற்பவர் 'ஏன்' என்று கேட்டால் அங்கே யாரிடமும் பதில் இல்லை. தீர்ப்பு என்பது காரணம் சொல்லும் கடமையோடு பிறக்கும் சொல். காரணம் நீதிபதியுடையதாக இருந்தால்தான் அதை மேல் நீதிமன்றத்தில் உடைக்க முடியும், வாதத்தால் அவர் மனத்தை மாற்றவும் முடியும். கொலம்பியாவில் கார்த்தகேனா நகர நீதிபதி ஒருவர் 2023-இல், ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் மருத்துவக் கட்டண வழக்கில் சாட்ஜிபிடியிடம் கேட்ட கேள்வி பதில்களைத் தீர்ப்பிலேயே சேர்த்தார். அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் 2024-இல் அதை ஆராய்ந்து, முடிவுக்கான காரணங்கள் நீதிபதியுடையவை, இயந்திரம் அவர் இடத்தில் உட்காரவில்லை என்பதால் தீர்ப்பை நிற்க விட்டது. பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாகப் பார்த்தது அந்த நீதிமன்றம். பிழை குறையக் குறைய மனிதனின் விழிப்பும் குறையும் என்பது வேறு; நூறில் ஒன்று தவறும் கருவியை யாரும் நூறு முறை சோதிக்க மாட்டார்கள்.

மணிமேகலையில் அறவண அடிகள் தருமத்தைச் சொல்லும் முறை இங்கே நினைவுக்கு வருகிறது. தேடி வந்த மாணவிக்கு அவர் முதலில் அளவையைக் கற்பிக்கிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். அதன் பிறகே தருமம். நீதித்துறைப் பயிற்சியும் இந்த வரிசையில் நடக்கலாம். சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் அதன் மண்டல மையங்கள் இருக்கின்றன. அங்கே வருகிற இளம் நீதிபதிகளிடம் கருவியின் பொத்தான்களைக் காட்டும் முன் ஒரு வழக்குக் கட்டைக் கொடுக்கலாம். பத்து மேற்கோள்களில் ஒன்று இல்லாதது, ஒன்று மாறுபட்ட தீர்ப்பிலிருந்து எடுத்தது, ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. எத்தனை என்று சொல்ல வேண்டாம். உத்தரவை எழுதச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இதை எப்படி அறிந்தீர்கள், கண்டா, கருதியா, யார் சொல்லக் கேட்டா என்று குறிக்கச் சொல்ல வேண்டும். வக்கீல்களுக்கு பார் கவுன்சில் ஒரு விதி செய்யலாம்: மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஒவ்வொன்றையும் நானே முழுமையாகப் படித்தேன் என்று கையெழுத்திட்டுத் தாக்கல் செய்வது. இதற்குப் புதிய சட்டமோ கணினியோ வேண்டாம். லண்டன் அமர்வு, வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிடுவது மட்டும் போதாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நம் உயர் நீதிமன்றமும் பார் கவுன்சிலும் இன்னொரு குறிப்பை வெளியிட்டுவிட்டு ஓய்ந்துவிடாமல், அடுத்த பயிற்சிப் பருவத்திலேயே அந்த வழக்குக் கட்டைத் தயாரிக்க வேண்டும்.